சுபஹ் வெளிச்சத்தில் ஒரு சிறுத்தை



கெமராவைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் கற்பிப்பது என் தொழில். மலையகத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்து வந்த பிறகு, பழைய கெமரா ஒன்றை வாங்கிப் பறவைகளைப் படம் எடுக்கப் பழகினேன். அது பொழுதுபோக்காகவே இருந்தது, ஒருநாள் காலை வரை.

திம்புள்ளயில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பாதை. சுபஹுத் தொழுகை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். கிழக்கு வெளுத்திருந்தது. சூரியன் எழப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். வளைவு திரும்பியதும் முப்பது யார் தூரத்தில் ஒரு சிறுத்தை பாதையைக் கடந்துகொண்டிருந்தது. ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தது. தோளில் கெமரா தயாராகத் தொங்கியது. எடுத்தேன், அழுத்தினேன். படம் முழுக் கறுப்பு!

முதல் நாள் நண்பகல் வெயிலில் மீன்கொத்தி ஒன்றைப் படம் எடுத்திருந்தேன். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 5.6, வேகம் ஒரு செக்கனில் 800இல் ஒரு பங்கு. அந்த அளவுகளை மாற்றாமலே கெமராவை உறையில் வைத்துவிட்டேன். பதறிப்போய்த் தானியங்கி முறைக்குத் திருப்பினேன். கெமரா தானாக 15இல் ஒரு பங்கு வேகத்தைத் தெரிவு செய்தது. சிறுத்தை நடந்தது, என் கையும் நடுங்கியது. கிடைத்ததெல்லாம் மஞ்சள் நிறத்தில் ஒரு கலங்கல். அதன் பின்னால் சிறிதாக இன்னொரு கலங்கல். அது குட்டியா, நாயா, தேயிலைச் செடியின் நிழலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்குக் காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. ஒருவர் தமது கைபேசியில் அதைப் பிரதி எடுத்தார். மாலைக்குள் லயங்களெல்லாம் அது சுற்றியது. “இரண்டு சிறுத்தையாம்” என்றார்கள். மறுநாள் அது நான்காயிற்று. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஓடைப் பக்க மலைக்குப் போகப் பயந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவில்லை. யாரோ சிலர் ஓடைக்கரையில் சுருக்குக் கம்பி வைக்கத் தொடங்கினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்யாமல் பரப்பக்கூடாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறவன் நான். தெளிவில்லாத ஒரு படத்தால் நானே வதந்திக்குக் காரணமானேன். கெமராவை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது. கற்றதில் உங்களுக்குப் பயன்படக் கூடியதை இங்கே தருகிறேன்.

பீலித் தண்ணீரும் மூன்று அளவுகளும்

தோட்டத்துப் பீலியில் வாளி நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி நிரம்ப மூன்று விடயங்கள் காரணமாகின்றன: குழாய் எவ்வளவு அகலம், தண்ணீரை எவ்வளவு நேரம் விடுகிறோம், வாளி எவ்வளவு பெரியது. கெமராவிலும் இப்படித்தான்.

குழாயின் அகலம் லென்ஸின் துவாரம். இதற்குரிய எண் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப் 16 சிறு துவாரம், எஃப் 5.6 பெரிய துவாரம். தண்ணீர் விடும் நேரந்தான் வேகம், அதாவது கெமராவின் மூடி திறந்திருக்கும் நேரம். வாளியின் அளவு ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது சிறிய வாளியை வைப்பதைப் போன்றது. கொஞ்சத் தண்ணீரிலேயே நிரம்பிவிடும்; ஆனால் கிடைக்கும் தண்ணீரும் கொஞ்சந்தான். அதனால்தான் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் விழுகின்றன.

மூன்றும் படிப்படியாக இயங்குகின்றன. ஒரு படி என்றால் இரண்டு மடங்கு, அல்லது பாதி. வேகம் 60இல் ஒரு பங்கிலிருந்து 125இல் ஒரு பங்காகும்போது வெளிச்சம் பாதியாகிறது. ஐஎஸ்ஓ 400இலிருந்து 800 ஆகும்போது அந்தப் பாதி ஈடாகிறது. துவாரத்தில் எஃப் 16, 11, 8, 5.6, 4 என்பன ஒவ்வொரு படி.

ஓர் உதாரணக் கணக்கு. எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 வைத்திருக்கிறீர்கள். கெமரா 60இல் ஒரு பங்கு வேகம் போதும் என்கிறது. கிளையில் தாவும் அணிலுக்கு 500இல் ஒரு பங்காவது வேண்டும். 60, 125, 250, 500 என மூன்று படி வெளிச்சத்தை இழக்கிறீர்கள். ஐஎஸ்ஓவை மூன்று படி உயர்த்துங்கள்: 800, 1600, 3200. கணக்கு சரியாகிவிட்டது.

பழைய பிலிம் சுருளில் இந்த வசதி இருக்கவில்லை. ஐஎஸ்ஓ 100 சுருளைப் போட்டால் 36 படமும் முடியும்வரை 100தான். இன்றைய டிஜிட்டல் கெமராவில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம். வசதி இருந்தும் மாற்றாமல் விட்டவன் என் கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

கெமராவின் அடிப்படையை நினைக்கும்போது நம் அறிஞர் ஒருவரை மறக்க முடியாது. பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அவர்கள், சிறு துவாரத்தின் வழியே இருட்டறைக்குள் ஒளி புகுந்து உருவமாக விழுவதைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார்கள். அவர்களின் ‘கிதாபுல் மனாழிர்’ ஒளியியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. 2015ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அந்நூலின் ஆயிரமாண்டு நினைவும் கொண்டாடப்பட்டது.

நேரத்துக்கு ஏற்ற வெளிச்சம்

தொழுகை நேரங்களை அறிந்தவர்களுக்கு வெளிச்சத்தை அளக்கத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நமது நேரங்கள் எல்லாம் சூரியனைக் கொண்டே கணிக்கப்பட்டவை. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

சுபஹுக்குப் பின்: இலங்கை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் விடியலும் அந்தியும் இங்கு விரைவாகக் கடந்துவிடும். சூரிய உதயத்துக்கு முன்னுள்ள இருபது நிமிடத்தில் ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் இரட்டிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் வைத்த அளவு இப்போது பிழை. இந்த நேரத்தில் லென்ஸின் மிகப் பெரிய துவாரத்தை வையுங்கள். வேகம் 60இல் ஒரு பங்குக்குக் கீழே போகாதிருக்க முயலுங்கள். ஐஎஸ்ஓ 6400, 12800 வரை போனாலும் போகட்டும். மிருகம் நடக்கும்போது அழுத்தாமல், அது நிற்கும் கணத்தில் தொடர்ச்சியாக நான்கைந்து படம் எடுங்கள். ஒன்றாவது தெளிவாக இருக்கும். புள்ளி விழுந்த படத்தில் எத்தனை மிருகம், ஆணா பெண்ணா, காயம் உண்டா என்று பார்க்கலாம். கலங்கிய படத்தில் எதையும் பார்க்க முடியாது.

இஷ்ராக் நேரமும் பனிமூட்டமும்: திம்புள்ளத் தேயிலை விளையும் நிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 முதல் 1600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை, லிந்துலை, பத்தனைப் பக்கம் காலையில் முகில் மலைமேலேயே நடக்கும். இங்கேதான் கெமரா நம்மை ஏமாற்றுகிறது. கெமராவின் ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்கிறது. வெள்ளைப் பனிமூட்டத்தைப் பார்த்தால், “வெளிச்சம் அதிகம்” என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே திருத்தப் பொத்தானில் கூட்டல் பக்கம் முக்கால் படி அல்லது ஒரு படி வையுங்கள். பனி வெள்ளையாக வரும். அதில் நிற்கும் மரையின் உருவமும் உயிர் பெறும்.

இதே ஏமாற்றம் வேறு இடங்களிலும் உண்டு. கரும்பச்சைத் தேயிலையின் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், கெமரா தேயிலையின் கருமையைக் கணக்கெடுத்துக் கொக்கை வெறும் வெள்ளைக் காகிதமாக்கும். அங்கே கழித்தல் ஒரு படி. வெளுத்த வானத்தின் எதிரே கிளையில் மந்தி உட்கார்ந்திருந்தால் அது வெறும் நிழலாகும். அங்கே கூட்டல் ஒன்றரை. படத்தில் மந்தி மட்டுமே நிறைந்திருந்தால் அதன் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அங்கே கழித்தல். சூத்திரத்தை மனனம் செய்ய வேண்டாம். “கெமரா இதைச் சாம்பலாக நினைக்கப் போகிறது; உண்மையில் இது எப்படி?” என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொண்டால் போதும்.

கைபேசி மட்டுமே உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான கைபேசிகளில், திரையில் மிருகத்தின் மேல் விரலால் தொட்டால் அதற்கேற்ப வெளிச்சம் மாறும். பக்கத்தில் தோன்றும் சூரியச் சின்னத்தை மேலே அல்லது கீழே இழுத்தால் அதுவே கூட்டலும் கழித்தலும்.

நண்பகல்: வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்துக்குப் பழைய படப்பிடிப்பாளர்களின் விதி ஒன்று உண்டு. துவாரம் எஃப் 16. வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் பங்கு. ஐஎஸ்ஓ 400 என்றால் 400இல் ஒரு பங்கு. எஃப் 5.6க்கு மூன்று படி திறந்தால் வேகம் 3200இல் ஒரு பங்காகிறது. பறக்கும் கழுகுக்குக்கூட இது தாராளம். ஆனால் உச்சி வெயில் மிருகத்தின் கண்ணை நிழலில் மறைத்துவிடும். அந்த நேரத்தில் மரநிழலில் நிற்பவற்றை எடுங்கள், அல்லது லுஹரைத் தொழுதுவிட்டு ஓய்வெடுங்கள். மிருகங்களும் அதைத்தான் செய்கின்றன.

அஸருக்குப் பின்: நிமிர்ந்து நிற்கும் குச்சியின் நிழலை அளந்து அஸர் நேரம் காணும் முறையை மத்ரஸாவில் படித்தோம். நிழல் குச்சியின் நீளத்தை எட்டும்போது சூரியன் 45 பாகையில் சாய்ந்திருக்கிறது. அதன் பிறகு நிழல் நீளும்தோறும் வெளிச்சம் மென்மையாகிறது. மிருகத்தின் முகத்தில் நேரே விழுகிறது. உரோமத்தின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. எஃப் 5.6, 500இல் ஒரு பங்கு என்று இரண்டை நிலையாக வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் கெமராவே பார்த்துக்கொள்ளும்படி விடுங்கள். உச்ச வரம்பாக 6400ஐக் குறியுங்கள். முகில் மறைத்தாலும் விலகினாலும் அது சமாளிக்கும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல முறையை நான் காணவில்லை.

இன்னொரு விதியும் நினைவிலிருக்கட்டும். லென்ஸின் நீளம் 300 மில்லிமீற்றர் என்றால் கையில் பிடித்து எடுக்கும்போது வேகம் 300இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. சிறு உணரி கொண்ட கெமராவில் 500இல் ஒரு பங்கு பாதுகாப்பு. நடுக்கத்தைத் தடுக்கும் லென்ஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். மிருகத்தின் ஓட்டத்தைத் தடுக்காது.

மஃரிபுக்குப் பின் கெமராவை மூடுங்கள்

இரவில் பிளாஷ் அடித்துப் படம் எடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். இரவு மிருகத்தின் கண் மிகச் சிறிய வெளிச்சத்துக்கும் திறந்திருப்பது. அதன் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பது அதைத் திகைக்க வைக்கும். ஒரு தாய், குட்டியை விட்டு ஓடக்கூடும். சாய்ந்த மலைப்பாதையில் திகைத்த சிறுத்தை எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்கும் தெரியாது. ஆசைக்காக அந்த வேலையில் இறங்காதீர்கள்.

இரவுப் படங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜ் ஷைராஸ் எடுத்த இரவு நேர வனவிலங்குப் படங்கள் 1906இல் ‘நேஷனல் ஜியோக்ரஃபிக்’ இதழில் வெளிவந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி தானே கம்பியை மிதித்துத் தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி கெமராவை அமைத்தார். அவரது நூல் 1927இல் வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் மற்ற மிருகங்களையும் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே தந்தார்.

இன்று ஆராய்ச்சியாளர்கள் தானியங்கிக் கெமராக்களை மரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உடல் சூடுள்ள ஒன்று முன்னால் அசைந்தால் கெமரா தானாக இயங்கும். பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கெமரா. ஏனென்றால் சிறுத்தையின் வலப்பக்கப் புள்ளிக் கோலமும் இடப்பக்கக் கோலமும் வேறு வேறு. நமது கைரேகையைப் போல ஒவ்வொரு சிறுத்தைக்கும் தனிக் கோலம். இம்முறையில் அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் ஆகியோரின் ‘வில்டர்னஸ் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்ட்’ மலைநாட்டுச் சிறுத்தைகளை ஆராய்ந்து வருகிறது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளிலும் அவை வாழ்கின்றன என்பதை இந்தப் படங்கள் காட்டுகின்றன.

ஒரு நல்ல படத்தின் மதிப்புக்கு இன்னோர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டிருந்தது. 2010இல் அதன் படங்கள் முதன்முதலாக வெளியிடப்பட்டன. அது உயிரோடிருக்கிறது என்பதை உலகம் நம்ப அந்தப் படங்கள் உதவின.

கம்பியில் சிக்கிய கறுப்பு உயிர்

2020 மே மாதம் நடந்ததை மலையகத்தார் மறக்கமாட்டார்கள். நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் சிக்கியது. கருஞ்சிறுத்தை வேறோர் இனம் அல்ல. நிறமி மிகுதியால் கறுத்துப் பிறந்த அதே சிறுத்தைதான். மே 26ஆம் திகதி உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். கழுத்தில் பட்ட காயத்தால் 29ஆம் திகதி இறந்தது. கம்பி வைப்பவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது காட்டுப்பன்றியை. ஆனால் யார் வருகிறார் என்று கம்பி கேட்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் காலைக்குப் பிறகு சிறுத்தையை நான் காணவேயில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் கெமராவை மறுநாள் விடியலுக்குரிய அளவில் வைத்துவிட்டுத்தான் தூங்குவேன். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் அஸருக்குப் பின் ஓடைக்கரையில் ஒரு காட்டுப்பன்றி வெளிப்பட்டது. பின்னங்கால் நொண்டியது. எஃப் 5.6, 500இல் ஒரு பங்கு, சாய்ந்த வெயில். எட்டுப் படம் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது காலில் கம்பி இறுகியிருந்தது. முறுக்கிய இழைகள்கூட எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிந்தன. வாகனத்தின் பிரேக் கம்பி.

“மௌலவி, படம் எடுக்க வேறு மிருகம் கிடைக்கவில்லையா?” என்று நண்பர்கள் சிரித்தார்கள். உண்ணத்தான் அது நமக்கு விலக்கப்பட்டது. அதன் வேதனையைக் காணாமலிருக்க நமக்கு அனுமதி இல்லை. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் செய்தியை நாம் அறியாதவர்களா?

இம்முறை படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. தோட்டத் தலைவர் ஒருவரின் வீட்டுக்கு நேரே போய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இதில நம்ம புள்ளைங்க காலும் மாட்டும் ஐயா” என்றார்.

மறுநாள் அவரும் நான்கு இளைஞர்களும் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களுக்கு அறிவித்து, அவர்களோடு ஓடைக்கரையைத் தேடினார்கள். ஏழு கம்பிகள் கிடைத்தன. ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரும் குறுக்குப் பாதையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பன்றி என்னவாயிற்று என்று தெரியவில்லை.

கெமரா வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு இறுதியாகச் சில வார்த்தைகள். மிருகத்தைத் துரத்தாதீர்கள், இரை போட்டு அழைக்காதீர்கள். படத்தை வெளியிடும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள். கைபேசி படத்தோடு இடத்தையும் மறைவாகப் பதிந்துவிடும். அந்த வசதியை நிறுத்திவையுங்கள். வேட்டைக்காரனும் அதைப் படிப்பான். எடுத்ததைக் கணினியில் மாற்றி இல்லாததை உண்டாக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். படம் தெளிவில்லை என்றால் அழித்துவிடுங்கள். அதைக் கொண்டு யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

என்னுடைய அந்த முதல் கலங்கலை மட்டும் நான் அழிக்கவில்லை. புதிதாகக் கெமரா பிடிக்க வரும் மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். “இதில் எத்தனை சிறுத்தை?” என்று கேட்பேன். ஒருவன் ஒன்று என்பான், ஒருவன் இரண்டு என்பான். “தெரியவில்லை, சேர்” என்று சொல்லும் பிள்ளையின் கையில்தான் கெமராவை முதலில் கொடுப்பேன்.